ஒரு நீலக் கட்டத்தில் அப்பாவைத் தேடினேன்: ஜி.பி.டி. கம்பேர் கருவி, எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

அப்பாவின் இறப்புச் சான்றிதழில் காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: மாரடைப்பு. நான்கு வருடம், வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்த மனிதர் அவர். சிறுநீரகம் என்ற சொல் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. அதைக் கையில் வாங்கிய அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல மாதம் கழித்து, உலகத்தில் சிறுநீரக நோயால் ஆண்டுக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று எங்கேயோ படித்தபோதுதான் உறைத்தது. அந்த எண்ணுக்குள் என் அப்பா இல்லை.

அப்படியென்றால் அவரை எங்கே எண்ணியிருப்பார்கள்? இந்தக் கேள்வியோடு தேடப் போனபோது கிடைத்ததுதான் ஜி.பி.டி. கம்பேர். குளோபல் பர்டன் ஆஃப் டிசீஸ், அதாவது உலக நோய்ச்சுமை ஆய்வின் முடிவுகளைப் படமாகக் காட்டும் இணையக் கருவி. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஐ.எச்.எம்.இ. என்ற ஆய்வு நிறுவனம் இதை நடத்துகிறது. இலவசம். நான் மருத்துவர் இல்லை, பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள். கணக்கு தெரிந்த, மருத்துவம் தெரியாத ஒருத்தியின் மதிப்பீடாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

திறந்ததும் பெரிய செவ்வகம் ஒன்று வரும். அதைச் சின்னதும் பெரிதுமாகக் கட்டங்களாக வெட்டியிருப்பார்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு நோய். கட்டத்தின் பரப்புதான் அந்த நோயின் பங்கு. நீலம் என்றால் தொற்றாத நோய்கள். சிவப்பு என்றால் தொற்றுகள், பிரசவம், பச்சிளம் குழந்தை, ஊட்டச்சத்துக் குறைவு. பச்சை என்றால் விபத்து, காயம். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு வேகமாக அந்த நோய் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெளிறிக் கிடந்தால் இறங்குகிறது. பரப்பளவைப் பாடமாக நடத்துகிற எனக்கு இந்தப் படம் முதல் பார்வையிலேயே பிடித்துப்போனது. ஒரு அட்டவணையைப் பத்து நிமிடம் உற்றுப் பார்த்துப் புரிந்துகொள்வதை இது ஒரு நொடியில் கண்ணுக்குக் கொடுத்துவிடுகிறது.

நீலப் பகுதியில் இதய நோயும் பக்கவாதமும் பெரிய பெரிய வயல்களைப் போலப் பரந்து கிடக்கும். சிறுநீரகம் சர்க்கரை நோயோடு ஒரே குடும்பத்தில், பக்கத்துப் பக்கத்துக் கட்டமாக இருக்கும். கேன்சரையும் நுரையீரலையும் தாண்டிக் கண் அங்கே போக நேரம் ஆகும். ஆனால் போனபிறகு நகராது. ஆண்டுக் கோட்டில் இருக்கும் குறியை 1990-இல் வைத்துவிட்டு மெதுவாக வலது பக்கம் இழுத்துப் பாருங்கள். சிவப்புக் கட்டங்கள் சுருங்கிக்கொண்டே வரும். வயிற்றுப்போக்கு சுருங்கும், காசநோய் சுருங்கும், தட்டம்மை சுருங்கும். அதைப் பார்க்கும்போது உண்மையிலேயே மனசு லேசாகிறது. எத்தனை கோடிக் குழந்தைகள் பிழைத்திருக்கிறார்கள்! அப்புறம் அந்தச் சிறுநீரகக் கட்டத்தைப் பாருங்கள். அது அமைதியாகப் பெருத்துக்கொண்டே வரும்.

இதே ஆய்வுக் குழு 2017-ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கில், நாள்பட்ட சிறுநீரக நோயால் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர். 1990-இல் இறப்புக் காரணங்களில் 17-ஆவது இடத்தில் இருந்த நோய், 2017-இல் 12-ஆவது இடத்துக்கு வந்திருந்தது. 2025 கடைசியில் லான்செட் மருத்துவ இதழில் வந்த 2023-க்கான கணக்கில் இறப்பு சுமார் 14.8 லட்சம், இடம் 9. நோய் இருக்கிறவர்களின் எண்ணிக்கை இன்னும் பெரியது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 1990-இல் 37.8 கோடி, 2023-இல் 78.8 கோடி. உலகத்துப் பெரியவர்களில் ஏழு பேருக்கு ஒருவர்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். இந்தக் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் தவறவிடக் கூடாத பொத்தான் ஒன்று இருக்கிறது. வயது என்ற இடத்தில் ‘எல்லா வயதும்’ என்று ஒன்று, ‘வயது சமப்படுத்தியது’ என்று இன்னொன்று. இரண்டும் வேறு வேறு கதை சொல்லும்.

என் வகுப்பில் இப்படிச் சொல்வேன். இரண்டு அறைகள். ஒன்றில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதிகம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கொஞ்சம். இன்னொன்றில் அதற்கு நேர்மாறு. இரண்டு அறையின் சராசரி உயரத்தை எடுத்தால் முதல் அறைதான் உயரம். அதற்காக அந்த அறைப் பிள்ளைகள் நன்றாக வளர்ந்தவர்கள் என்று சொல்ல முடியுமா? முடியாது. எட்டாம் வகுப்பை எட்டாம் வகுப்போடும், பத்தாம் வகுப்பைப் பத்தாம் வகுப்போடும் ஒப்பிட்டு, இரண்டு அறையிலும் ஒரே விகிதத்தில் பிள்ளைகள் இருந்திருந்தால் சராசரி என்ன வரும் என்று கணக்குப் போட வேண்டும். வயது சமப்படுத்துவது அவ்வளவுதான். உலகத்தில் முதியவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், சிறுநீரக நோய் முதுமையோடு வருகிற நோய், அதனால் மொத்த இறப்பு ஏறத்தான் செய்யும். அந்த ஏற்றத்தைக் கழித்துவிட்டு, மீதி என்ன என்று இந்தப் பொத்தான் காட்டும்.

2017 கணக்குப்படி, எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் சிறுநீரக நோய் இறப்பு விகிதம் 1990-இலிருந்து 41.5 சதவீதம் ஏறியிருந்தது. வயதைச் சமப்படுத்தியதும் அந்த ஏற்றம் கிட்டத்தட்டக் காணாமல் போனது: 2.8 சதவீதம், அதுவும் பிழை எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகிற அளவு. அப்படியானால் கவலை இல்லையா என்று முதலில் எனக்கும் தோன்றியது. பக்கத்தில் இதய நோயைப் போட்டுப் பார்த்தபிறகு அந்த எண்ணம் போய்விட்டது. கிட்டத்தட்ட அதே முப்பது ஆண்டுகளில், அதே மாதிரி வயதைச் சமப்படுத்திப் பார்த்தால், இதயமும் ரத்தக்குழாயும் சார்ந்த இறப்பு விகிதம் சுமார் மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருக்கிறது. மருந்து, சிகிச்சை, புகையிலைக் கட்டுப்பாடு என்று மனிதர்கள் பாடுபட்டதற்குப் பலன் அங்கே கோடாகத் தெரிகிறது. சிறுநீரகத்தின் கோடு இறங்கவே இல்லை. 2023 கணக்கிலோ அது லேசாக மேலேயே போயிருக்கிறது: ஒரு லட்சம் பேருக்கு 24.9 இறப்பாக இருந்தது 26.5 ஆகியிருக்கிறது. இரண்டு கோட்டையும் ஒரே திரையில் வைத்துப் பார்க்க முடிவது இந்தக் கருவி எனக்குச் செய்த பெரிய உதவி. இறங்க வேண்டிய கோடு இறங்கவில்லை என்பதை, பக்கத்தில் இறங்கிய இன்னொரு கோட்டைப் பார்க்காமல் உணர முடியாது.

சரி, அப்பாவுக்கு வருகிறேன்.

அப்பாவின் இடது கையில் ஃபிஸ்டுலா இருந்தது. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகச் சிரையையும் தமனியையும் இணைத்துத் தைத்த இடம். அதன்மேல் விரலை வைத்தால் உள்ளே ஏதோ ரீங்கரிப்பது போல அதிரும். அந்த அதிர்வு நின்றால் வழி அடைத்துவிட்டது என்று அர்த்தம். தினமும் காலையில் எழுந்ததும் அந்தக் கையைக் காதோரம் வைத்துக் கேட்பார். “ஓடுது” என்பார் எனக்குக் கேட்கிற மாதிரி. அதற்குப் பிறகுதான் பல் விளக்கப் போவார். டயாலிசிஸ் நாளில் முதலில் எடை பார்ப்பார்கள். டிரை வெயிட், அதாவது உடம்பில் கூடுதல் தண்ணீர் இல்லாதபோது இருக்கும் எடைக்கு மேல் எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவு தண்ணீரை எடுக்க வேண்டும். “ஐயா, இன்னைக்கு மூணு லிட்டர் இருக்கு, மெதுவா எடுக்கலாம்” என்று டெக்னீஷியன் தம்பி சொல்வார். வேகமாக எடுத்தால் பிரஷர் இறங்கி, காலில் சதை பிடித்து இழுக்கும். முகம் வெளுத்துவிடும். நான் காலை நீவிவிட்டுக்கொண்டு இயந்திரத்தின் எண்களையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

வாரத்துக்கு மூன்று முறை என்றால் நடுவில் ஒரு இடைவெளி மட்டும் நீண்டுவிடும். அந்த இடைவெளியில் தண்ணீர் சேரும், பொட்டாசியம் ஏறும், இதயத்துக்குப் பாரம் கூடும். டயாலிசிஸ் நோயாளிகளின் இதய மரணங்கள் அந்த நீண்ட இடைவெளியின் முடிவில் அதிகமாக நடக்கின்றன என்பது ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்த விஷயம். அப்பா போனதும் அப்படிப்பட்ட ஒரு நாள் விடியற்காலையில்தான். அன்று “ஓடுது” என்ற குரல் வரவில்லை.

இதயம்தான் நின்றது. அதில் பொய் இல்லை. ஆனால் இறப்புச் சான்றிதழ் எழுதுவதற்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஒரு படிவம் இருக்கிறது. முதல் வரியில் உடனடிக் காரணம். அடுத்த வரியில் அது எதனால் வந்தது. அதற்கும் அடுத்த வரியில் அது எதனால் வந்தது. இப்படி இறங்கி, கடைசி வரியில் எல்லாவற்றுக்கும் ஆரம்பமாக இருந்த நோய் வர வேண்டும். உலகக் கணக்குகளில் எண்ணப்படுவது அந்த அடிப்படைக் காரணம் ஒன்றுதான். ஒரு மரணம், ஒரு காரணம். அப்பாவுக்கு எழுதியவர் முதல் வரியோடு நிறுத்திவிட்டார். கீழே இரண்டு வரி காலி. ‘சிறுநீரகச் செயலிழப்பு’ என்றும் ‘சர்க்கரை நோய்’ என்றும் அந்த இரண்டு வரியில் எழுதியிருந்தால் அவர் வேறு ஒரு கட்டத்துக்குப் போயிருப்பார். எழுதாததால் இதய நோயின் பெரிய வயலுக்குள் போய்விட்டார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்று படிக்கப் படிக்கத் தெரிந்தது. ‘இதயம் நின்றுவிட்டது’, ‘சிறுநீரகச் செயலிழப்பு, வகை குறிப்பிடவில்லை’ என்பது போன்ற, அடிப்படைக் காரணத்தைச் சொல்லாத பதிவுகளுக்கு இந்தத் துறையில் குப்பைக் குறியீடு என்றே பெயர். அப்படி வருபவற்றை ஆய்வுக் குழு ஒதுக்கிவிடுவதில்லை. வயது, பால், இடம் எல்லாம் பார்த்து, பொருத்தமான நோய்களுக்குப் பிரித்துக்கொடுக்கிறது. ‘மாரடைப்பு’ என்று எழுதினால் அது குப்பைக் குறியீடும் இல்லை. முழுமையான பதில் போலவே தெரிகிறது. அதனால் அப்படியே நின்றுவிடுகிறது.

முதல் இரண்டு மாதம் நான் சிறுநீரகக் கட்டத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் ராத்திரி, இடது பக்கப் பலகையில் ‘காரணம்’ என்று இருப்பதை ‘அபாயக் காரணி’ என்று மாற்றினேன். பட்டியலில் உயர் ரத்த அழுத்தம், புகையிலை, காற்று மாசு என்று வரிசையாக வந்தன. நடுவில் ஒரு வரி: சிறுநீரகச் செயல்குறைவு.

அதுதான். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாததால் வேறு உறுப்பில் நடந்த மரணங்கள். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறையக் குறைய இதயத்துக்கும் மூளையின் ரத்தக்குழாய்களுக்கும் ஆபத்து ஏறும். அதனால் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் ஒரு பங்கைச் சிறுநீரகத்தின் கணக்கில் வைக்கிறது இந்தப் பார்வை. 2017 கணக்கில் சிறுநீரக நோயால் நேரடியாக இறந்த 12 லட்சம் பேருக்கு மேலே, இதயமும் ரத்தக்குழாயும் சார்ந்து இறந்தவர்களில் சுமார் 14 லட்சம் பேரின் மரணத்துக்குச் சிறுநீரகக் கோளாறு காரணமாகக் காட்டப்பட்டது. கவனியுங்கள், மறைந்திருந்த எண் தெரிந்த எண்ணைவிடப் பெரியது. 2023 கணக்கில், இதயமும் ரத்தக்குழாயும் சார்ந்த இறப்புகளில் 100-க்கு 11-க்கும் மேல் இந்த வகை.

ஆண்கள் என்று தேர்ந்தெடுத்தேன். அப்பாவின் வயதுக்கான ஐந்தாண்டுப் பட்டையைத் தேர்ந்தெடுத்தேன். அவர் இறந்த ஆண்டில் குறியை நிறுத்தினேன். திரையில் ஒரு பட்டை நீண்டது. அதில் இதய நோய்க்கான பகுதி ஒரு நிறத்தில் தெரிந்தது. அதற்குள் எங்கேயோ அவர் இருக்கிறார். யாரோ ஒருவர், எங்கோ ஒரு நகரத்தில் உட்கார்ந்து, என் அப்பாவைப் போன்றவர்களையும் விட்டுவிடக் கூடாது என்று கணக்குப் போட்டிருக்கிறார். நான் ரொம்ப நேரம் அழுதேன். அதை எழுத எனக்கு வெட்கம் இல்லை.

அதனால் இந்தக் கருவியைப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான்: சிறுநீரகத்தை இரண்டு இடத்தில் தேடுங்கள். காரணத்திலும் பாருங்கள், அபாயக் காரணியிலும் பாருங்கள். முதல் படத்தோடு மூடிவிட்டால் பாதியைக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

உலக வரைபடப் பார்வைக்குப் போனால் வேறு விதமான கேள்விகள் வரும். வயது சமப்படுத்திய இறப்பு விகிதத்தை வைத்துப் பார்த்தால் மத்திய அமெரிக்காவும் பசிபிக் தீவுகளும் அடர்ந்து கிடக்கும். அமெரிக்கன் சமோவா, மைக்ரோனேசியா போன்ற தீவுகளில் சர்க்கரை நோய் பெரிய காரணம். எல் சால்வடாரிலும் நிகரகுவாவிலும் கதை வேறு. அங்கே கரும்புத் தோட்டங்களில் வெட்டுகிற இளம் ஆண்கள், சர்க்கரையும் இல்லாமல், பிரஷரும் இல்லாமல், சிறுநீரகம் பழுதாகி இறந்திருக்கிறார்கள். கடும் வெயிலில் தண்ணீர் இல்லாமல் செய்யும் உடலுழைப்பு முக்கியமான காரணமாகக் கருதப்படுகிறது. பூச்சிமருந்து, தண்ணீரில் கலந்த உலோகம் என்று வேறு விவாதங்களும் நடக்கின்றன. இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இதே மாதிரி, காரணம் பிடிபடாத நோய் விவசாயிகளைத் தாக்கியிருக்கிறது.

இந்த மனிதர்கள் கருவியில் எங்கே இருக்கிறார்கள் தெரியுமா? சிறுநீரகக் கட்டத்தை இன்னும் உள்ளே பிரித்தால் ஐந்து சின்னக் கட்டங்கள் வரும்: முதல் வகைச் சர்க்கரை, இரண்டாம் வகைச் சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம், வடிகட்டி அழற்சி, கடைசியாக ‘பிறவும் குறிப்பிடப்படாதவையும்’. அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் அந்தக் கரும்பு வெட்டும் தொழிலாளி இருக்கிறார். பிறவிக் கோளாறு, கல், காரணமே தெரியாதவை எல்லாவற்றோடும் கலந்து. உலகத்தில் சிறுநீரக நோய் இருக்கிறவர்களில் மிகப் பெரிய பங்கு இந்தப் பெயரில்லாத கட்டத்துக்குள்தான் கிடக்கிறது. கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. மருத்துவத்துக்கே இன்னும் பெயர் வைக்க முடியாத மரணங்களுக்கு அது எப்படிப் பெயர் வைக்கும்? ஆனால் ‘பிற’ என்று ஒரு கட்டத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடாதீர்கள். அங்கேதான் அதிகம் நிற்க வேண்டும்.

அதே வரைபடத்தில் கிழக்கு ஐரோப்பா வெளிர் நிறத்தில் தெரியும். அந்த நாடுகளின் வளர்ச்சி நிலையைப் பார்த்து எதிர்பார்ப்பதைவிடச் சிறுநீரகச் சுமை அங்கே குறைவு என்று 2017 ஆய்வும் சொல்லியது. அங்கே சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா, இல்லை, என் அப்பாவைப் போலப் பலர் இதயக் கட்டத்துக்குப் போய்விட்டார்களா என்று எனக்குள் ஒரு சந்தேகம் எழுகிறது. சான்றிதழ் எழுதும் பழக்கம் நாட்டுக்கு நாடு மாறும்போது, நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

இறப்பு எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதிலும் ஒரு ஏமாற்றம் இருக்கிறது. டயாலிசிஸும் மாற்றுச் சிறுநீரகமும் எளிதாகக் கிடைக்கிற இடத்தில் இறப்பு குறைவாகத் தெரியும். நோய் குறைந்துவிட்டதால் அல்ல. இயந்திரம் உயிரைப் பிடித்து வைத்திருப்பதால். கிடைக்காத இடத்தில் அதே நோயாளி சில வாரத்தில் போய்விடுவார். 2010-ஐ வைத்து எடுத்த ஒரு உலக ஆய்வில், டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ பெற்று வாழ்ந்தவர்கள் சுமார் 26 லட்சம் பேர். அது கிடைக்காமல் முன்கூட்டியே இறந்திருக்கக்கூடியவர்கள் குறைந்தது 22.8 லட்சம் பேர். கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. அப்பா அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொரு நாளும், உலகத்தில் எங்கோ ஒருவர் அந்த நாற்காலி கிடைக்காமல் படுத்திருந்தார். இதைப் படித்த பிறகு, அந்த நான்கு வருடத்தை நான் வேறு விதமாக நினைக்கிறேன். கருவியில் ‘இறப்பு’ என்பதை ‘டாலி’ என்று மாற்றினால், இழந்த ஆயுளோடு நோயோடு வாழ்ந்த கஷ்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட அளவு வரும். சதை பிடித்து இழுத்த அந்தக் கால்களுக்கு அந்த அளவில் கொஞ்சம் இடம் உண்டு.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இங்கே காட்டப்படுகிற எதுவும் தலை எண்ணி எடுத்ததல்ல. இறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத நாடுகள் நிறைய. அங்கெல்லாம் கிடைத்த தரவை வைத்து மாதிரிகள் மூலம் மதிப்பிடுகிறார்கள். கட்டத்தின்மேல் சுட்டியை வைத்தால் எண்ணோடு சேர்த்து அடைப்புக்குள் ஒரு கீழ் எல்லையும் மேல் எல்லையும் வரும். அதைப் படிக்காமல் நடு எண்ணை மட்டும் எடுத்துப் பேசாதீர்கள். அதோடு, ஒவ்வொரு புதிய பதிப்பிலும் பழைய ஆண்டுகளின் எண்களும் சேர்ந்தே மாறும். போன பதிப்பின் 1990-ஐயும் இந்தப் பதிப்பின் 2023-ஐயும் கழித்தால் வருவது விடையே இல்லை. எங்கள் பிள்ளைகள் வேறு வேறு அளவுகோலில் அளந்துவிட்டு வித்தியாசம் கண்டுபிடிப்பார்களே, அதே தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கிலும் இதைப் பார்க்கலாம். 2019 வரைக்குமான பதிப்பில், சிறுநீரக நோய்கள் 2000-இல் 13-ஆம் இடத்தில் இருந்து 10-ஆம் இடத்துக்கு வந்ததாகச் சொன்னார்கள். 2021 வரைக்குமான பதிப்பில், அதே 2000-இல் 19-ஆம் இடத்தில் இருந்து 9-ஆம் இடத்துக்கு வந்ததாகவும், இறப்பு எண்ணிக்கை 95 சதவீதம் கூடியதாகவும் சொல்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு மாறவில்லை. அதை அளந்த முறை மாறியிருக்கிறது. இரண்டு நிறுவனமும் இரண்டு பதிப்பும் ஒத்துப்போவது ஒரே ஒரு விஷயத்தில்: மேலே போகிறது.

பயன்படுத்துவதற்குக் கணினித் திரையே நல்லது. கட்டங்கள் சின்னவை, சுட்டியை நிறுத்திப் படிக்க வேண்டியவை நிறைய. ‘அடிப்படை அமைப்பு’, ‘மேம்பட்ட அமைப்பு’ என்று இரண்டு உண்டு, முதல் வாரம் அடிப்படையிலேயே இருங்கள். சொற்கள் எல்லாம் மருத்துவச் சொற்கள், பொறுமை வேண்டும். என் கணக்கில் 10-க்கு 8 கொடுப்பேன். ஒரு மதிப்பெண் அந்தப் பெயரில்லாத கட்டத்துக்காகக் குறைத்தது. இன்னொன்று ‘ஒரு மரணம், ஒரு காரணம்’ என்ற விதிக்காக. இரண்டுமே கருவியைச் செய்தவர்கள் தனியாகத் தீர்க்கக்கூடியவை அல்ல என்று தெரியும். இருந்தாலும் குறைத்துத்தான் கொடுக்க முடிகிறது.

2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, சிறுநீரக நலத்துக்கென்று முதல்முறையாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. குவாத்தமாலா முன்னெடுத்தது. அந்த நோய் அடர்ந்து கிடக்கிற மத்திய அமெரிக்காவிலிருந்துதான் அந்தக் குரல் வந்திருக்கிறது. மருந்துகளும் முன்பு போல இல்லை. 2019-இலிருந்து வந்த ஆய்வுகளில், சர்க்கரைக்காகக் கண்டுபிடித்த ஒரு வகை மாத்திரை சிறுநீரகம் கெடுவதை மெதுவாக்குகிறது, சர்க்கரை இல்லாதவர்களுக்கும் உதவுகிறது என்று நிரூபணமாகியிருக்கிறது. அப்பாவுக்கு அது காலம் கடந்து வந்த செய்தி. ஆனால் அவருக்குக் காலம் கடக்காத ஒன்றும் இருந்தது. பதினோரு வருடம் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிட்டார். மாதாமாதம் ரத்தம் கொடுத்தார். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. “உப்பு ஏறியிருக்கு” என்று மருத்துவர் சொன்ன அன்று அவருடைய சிறுநீரகம் ஐந்தில் ஒரு பங்குதான் வேலை செய்துகொண்டிருந்தது. வலி இல்லை, வீக்கம் இல்லை, அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அந்த அபாயக் காரணிப் படத்தை அண்ணனுக்கு அனுப்பினேன். அவனுக்கு 46 வயது, மூன்று வருடமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறான். “நீ பார்த்துட்டியா?” என்று மட்டும் கீழே எழுதினேன். பதில் வரவில்லை. பத்து நாள் கழித்து ஒரு ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினான். வடிகட்டும் திறன் நன்றாகத்தான் இருக்கிறது. சிறுநீர் ஆல்புமின் மட்டும் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 64 மில்லிகிராம். 30-க்குள் இருக்க வேண்டியது. மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்து, அப்போதும் கூடுதலாக இருந்தால்தான் நாள்பட்டது என்று சொல்ல முடியுமாம். அந்தப் பரிசோதனைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.